சக்கைக்கு விலை வந்தது, உழைப்புக்கு எப்போது?

"முதலாளி தொழிலாளியைக் கரும்பு போலப் பிழிந்து, சக்கையாக்கி எறிகிறான்." நமது மேடைகளில் இப்படிப் பேசாத பேச்சாளர் இல்லை. கேட்டுக் கை தட்டாத தோழரும் இல்லை. ஆனால் இந்த உவமையை இனி நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஏனென்றால், ஆலைக்காரர் இப்போது சக்கையை எறிவதில்லை!

சக்கை காகிதமாகிறது. சக்கை மின்சாரமாகிறது. சக்கை தட்டாகவும் கிண்ணமாகவும் மாறி விருந்து மேஜைக்கு வருகிறது. ஒரு காலத்தில் எங்கே கொட்டுவது என்று ஆலைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்த கழிவுப்பாகு, இன்று எரிசாராயமாகி மோட்டார் வண்டிகளை ஓட்டுகிறது. கரும்பைச் சுத்தி செய்கையில் வண்டலாய் மிஞ்சும் பிரஸ்மட்கூட எருவாகிறது, எரிவாயுவாகிறது. கரும்பில் வீண் என்று ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் விலை வந்துவிட்டது.

வெட்டியவனுக்கு? விளைவித்தவனுக்கு? ஆலையில் கொதிகலன் முன்னே வெந்தவனுக்கு? அவர்கள் எறியப்பட்ட இடத்திலேதான் கிடக்கிறார்கள். சக்கைக்குக் கிடைத்த மரியாதைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதுதான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

புதுப் பெயர், பழைய சங்கதி

"உயிரிப் பொருளாதாரம்" என்று ஒரு புதுச் சொல் டில்லியிலிருந்து வருகிறது. மண்ணுக்கடியில் தோண்டியெடுக்கும் எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பி நடக்கும் தொழில்களை, வயலிலும் காட்டிலும் கடலிலும் வளரும் பொருள்களைக் கொண்டு நடத்துவது என்பதே இதன் சாரம். 2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை இதற்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் அது வளர்க்கும் என்றார்கள். 2014-ல் 1,000 கோடி டாலராக இருந்த இந்தத் துறையின் மதிப்பு 2024-ல் 16,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்றும், 2030-க்குள் 30,000 கோடி டாலரைத் தொட வேண்டும் என்றும் சர்க்காரின் கணக்கு கூறுகிறது.

கோடிகளைக் கேட்டு நாம் மயங்கவும் வேண்டாம்; மிரளவும் வேண்டாம். நமது தோழர்களுக்கு இது புதிய சங்கதியும் அன்று. தேங்காய் மட்டையிலிருந்து கயிறு திரித்தவன், ஆமணக்கு நெய்யில் விளக்கேற்றியவன், பனை ஓலையில் பெட்டி முடைந்தவன் எல்லாரும் இந்தப் பொருளாதாரத்தை நடத்தியவர்களே. எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலப்பதும் நேற்று உதித்த யோசனையல்ல. 1948-லேயே அதற்கென்று ஒரு சட்டம் இந்நாட்டில் இருந்தது. பயனின்றிக் கிடந்து 2000-ல் அது ரத்தாயிற்று. அதே யோசனையை 2001-ல் சோதனை பார்த்து, 2003-ல் ஒன்பது மாநிலங்களில் 100-க்கு 5 பங்கு கலக்கத் தொடங்கினார்கள். 2022-ல் அது 10 பங்காயிற்று. 2025-ல் 20 பங்கை எட்டியது.

இந்த வளர்ச்சியை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. பாரசீக வளைகுடாவில் யாரோ துப்பாக்கி தூக்கினால் இங்கே பெட்ரோல் விலை ஏறுகிற நிலை ஒழியத்தான் வேண்டும். விஞ்ஞானத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் அல்ல நாம். யந்திரத்தின்மீது நமக்குப் பகை கிடையாது. அந்த யந்திரம் யாருக்காகச் சுற்றுகிறது என்பதே நமது கேள்வி.

கோவையில் பிறந்த செல்வம்

இந்தச் செல்வத்துக்கு வித்திட்டது யார்? ஆலை முதலாளிகளா? அல்ல. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. அதுவும் நமது தமிழ் மண்ணிலேயே நடந்தது.

1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. தெற்கே விளைந்த தடித்த இனிப்புக் கரும்போ வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. பார்பர் என்ற ஆங்கில விஞ்ஞானியும் டி.எஸ். வெங்கட்ராமனும் ஒரு காரியம் செய்தார்கள். "வெள்ளை" என்று நம் குடியானவர் பெயரிட்டழைத்த இனிப்புக் கரும்பை, கரையோரம் தானாய் முளைத்துக் கிடக்கும் நாணல் போன்ற காட்டுக் கரும்போடு ஒட்டினார்கள். ஒன்றுக்கும் உதவாது என்று மாடுகூட முகம் திருப்பிய காட்டுப்புல், தன் வலிமையைக் கொடுத்தது. வெள்ளைக் கரும்பு தன் இனிப்பைக் கொடுத்தது. 1918-ல் வெளிவந்த கோ 205 என்ற ரகம் இப்படிப் பிறந்தது. அது பஞ்சாப் மண்ணில் வேர் பிடித்தது. அதன் பின்னே வந்த கோவை ரகங்கள் இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றிவிட்டன. ஈ.கே. ஜானகி அம்மாள் போன்ற விஞ்ஞானிகளும் அங்கே உழைத்தவர்களே. இன்று தமிழ்நாட்டில் பரவலாய்க் காணும் கோ 86032-ம் அதே நிலையம் தந்த கொடைதான்.

இந்த ரகங்கள் வந்த பிறகுதான், 1932-ல் வெள்ளைக்கார சர்க்கார் வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் காப்பு வரி போட்டபோது, முதலாளிகள் துணிந்து ஆலை கட்டினார்கள். 30 சொச்சமாயிருந்த ஆலைகள் ஐந்தே ஆண்டில் 130-க்கு மேலாயின. கண்டுபிடிப்பு பொதுச் சொத்து. காப்பு வரியைச் சுமந்தவர் பொது மக்கள். லாபம் மட்டும் தனிச் சொத்து. அன்று தொடங்கிய கணக்கு இன்றும் அப்படியே நடக்கிறது.

ஒரு டன் கரும்பின் கதை

தோழர்களே, கூட்டங்களில் கோபம் மட்டும் காட்டினால் போதாது. கணக்கும் காட்ட வேண்டும். ஆகவே ஒரு டன் கரும்பை எடுத்துக்கொள்வோம்.

ஆலையில் அது பிழிபட்டதும் 90 முதல் 100 கிலோ சர்க்கரை கிடைக்கிறது. 300 கிலோ அளவுக்குச் சக்கை மிஞ்சுகிறது. 40 முதல் 45 கிலோ கழிவுப்பாகு வழிகிறது. 30, 40 கிலோ பிரஸ்மட் தங்குகிறது. மற்றது தண்ணீர்.

கழிவுப்பாகைக் காய்ச்சினால் ஏறக்குறைய 10 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் இவ்வகைச் சாராயத்துக்கு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 57 ரூபாய் 97 காசு. ஆக, வேண்டாத கசடிலிருந்து மட்டும் 580 ரூபாய். சர்க்கரை காய்ச்சாமல் சாற்றையே நேராகச் சாராயமாக்கினால் ஒரு டன்னுக்கு 70 லிட்டர் வரும். அதன் விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு என்று வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 4,592 ரூபாய். சக்கையும் பிரஸ்மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

விவசாயிக்கு எவ்வளவு? 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் அறிவித்த விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆனால் அது பிழிதிறன் 100-க்கு 10.25 இருந்தால்தான். தமிழ்நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் பிழிதிறன் அதற்குக் கீழே. 9.5-ம் அதற்குக் குறைந்தும் இருந்தால் குவிண்டாலுக்கு 329 ரூபாய் 5 காசு. அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. அதில் வெட்டுக்கூலியை விவசாயியே கொடுக்க வேண்டும். உரக்கடை பாக்கி, தண்ணீர்ச் செலவு, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் போக, பத்து மாதம் பன்னிரண்டு மாதம் காத்திருந்த குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன என்று எந்தக் கரும்பு விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். 2024-25-க்கு மாநில சர்க்கார் டன்னுக்கு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கிக் கொடுத்தது. நல்லது. ஆனால் 2021 தேர்தலில் ஒலித்த 4,000 ரூபாய் என்ற பேச்சை விவசாயி மறந்துவிடவில்லை.

"யந்திரம் வாங்க நாங்கள் போட்ட முதல் என்ன, வட்டி என்ன, நீராவிச் செலவு என்ன, அதெல்லாம் உங்கள் கணக்கில் இல்லையே!" என்று ஆலைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. செலவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத் தொழிலாளி முன்னும் விவசாயி முன்னும் விரித்து வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். விரிக்க ஏன் தயங்குகிறீர்கள்?

பறிபோன பங்கு

விவசாயிக்கு லாபத்தில் பங்கு கேட்பது ஏதோ நமது கற்பனை என்று சிலர் நினைக்கலாம். அல்ல. அது சட்டத்திலேயே இருந்தது!

1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவில், பார்கவா கமிஷன் சிபாரிசின்மேல், 1974-ல் 5-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறைந்தபட்ச விலைக்கு மேலே ஆலைக்கு வரும் உபரி லாபத்தில் விவசாயிக்கும் ஒரு பங்கு உண்டு என்றது அது. பல ஆலைகள் அந்தப் பங்கைக் கொடுக்காமல் வழக்காடின, இழுத்தடித்தன. என்றாலும் உரிமை என்று காகிதத்திலாவது இருந்தது. 2009-ல் விலை முறையை மாற்றியபோது அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். எப்போது? எரிசாராயமும் மின்சாரமும் லாபத்தைக் கொட்டத் தொடங்கிய காலத்தில்! பானையில் சோறு வேகும்வரை பங்காளி. இலை போட்டதும் வெளியாள்.

2012-ல் ரங்கராஜன் கமிட்டி வேறொரு வழி சொன்னது. சர்க்கரையும் உபபொருள்களும் சேர்ந்து வரும் வருவாயில் 100-க்கு 70 பங்கு விவசாயிக்கு என்றது. கேட்க இனிக்கிறது. உள்ளே பார்த்தால் சூட்சுமம் இருக்கிறது. உபபொருள் என்று அது கணக்கில் எடுத்தது சக்கையையும் கழிவுப்பாகையும் பிரஸ்மட்டையும்தான். சக்கையிலிருந்து பிறக்கும் மின்சாரமோ, பாகிலிருந்து பிறக்கும் எரிசாராயமோ அதில் சேராது. நெல்லுக்குப் பங்கு உண்டு, அரிசிக்கு இல்லை என்பது போன்றது இது. புதிய செல்வம் முழுவதும் பிறப்பது அந்த இரண்டாம் படியில்தான். அங்கேதான் கதவைச் சாத்துகிறார்கள். தமிழ்நாட்டிலும் மாநிலப் பரிந்துரை விலையைக் கைவிட்டு, 2018-ல் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு ஒரு சட்டம் செய்தார்கள். அந்தக் கணக்கு எந்த ஊர் விவசாயிக்குப் புரியும்படி எழுதிக் காட்டப்பட்டது?

கரும்பு வாங்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 100-க்கு 15 வட்டி என்றும் அதே 1966 உத்தரவு சொல்கிறது. வட்டி இருக்கட்டும், அசலுக்கே விவசாயி ஆண்டுக்கணக்கில் நடந்தான். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 இறுதியில் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, எதற்காக? ஆலை திவாலாகிக் கைமாறியது. பழைய கரும்புப் பணமும் வரவில்லை. தங்கள் பெயரில் வங்கியில் எடுக்கப்பட்ட கடனும் தங்கள் தலையில் நின்றது என்பதே அவர்கள் முறையீடு. ஆலைக்குப் புது உரிமையாளர் கிடைக்கிறார். கரும்பு கொடுத்தவனுக்குப் பழைய கடன் கிடைக்கிறது! இது எந்த ஊர் நியாயம்?

காகிதபுரம் சொல்லும் பாடம்

தனி முதலாளி இல்லாவிட்டால் புதுத் தொழில் பிறக்காது என்பார்கள். அவர்களைக் கரூர்ப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள்.

1979-ல் தமிழ்நாடு சர்க்கார் ஒரு காகிதக் கம்பெனியை நிறுவியது. காட்டு மூங்கிலை அழிக்காமல், கரும்புச் சக்கையிலிருந்தே பத்திரிகைக் காகிதமும் எழுதும் காகிதமும் செய்வது அதன் நோக்கம். புகழூர் அருகே எழுந்த அந்த இடத்துக்குக் காகிதபுரம் என்றே பெயர். 1984-ல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் என்று ஆரம்பித்த ஆலை பின்னர் பன்மடங்கு பெருகியது. 2016-ல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அட்டை ஆலையும் கண்டது.

அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தானே கொதிகலனில் எரித்து வந்தன? அதை எடுத்துக்கொண்டால் அவற்றுக்கு எரிபொருள் வேண்டாமா? காகித ஆலை நிலக்கரியைக் கொடுத்துச் சக்கையைப் பெற்றது. நாருக்கு உதவாத சோற்றைப் பிரித்து நீக்கியது. சக்கை கழுவிய நீரை நொதிக்க விட்டு, நம் சாண எரிவாயுக் கலத்தில் வருவது போன்ற மீத்தேனை எடுத்து, சுண்ணாம்புக் காளவாயில் எண்ணெய்க்குப் பதிலாக எரித்தது. இது பொதுத் துறையின் மூளை. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை. முதலாளி ஒருவரும் பக்கத்தில் நின்று ஊக்கமூட்டவில்லை. இன்றோ அந்தக் கம்பெனியிலும் சர்க்காரின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டி நிற்கிறது. மீதியையும் விற்றுவிடு என்ற குரல் எழுந்தால் நாம் விழித்திருக்க வேண்டும்.

சக்கையோடு வேலை செய்பவன் உடம்பையும் இங்கே நினைக்க வேண்டும். காய்ந்து பூசணம் பூத்த சக்கைத் தூசி நுரையீரலில் சேர்ந்தால் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். 1941-லேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக எழுதினார்கள். பகாசோசிஸ் என்பது அதன் பெயர். நம் நாட்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே அது தொழில்நோயாக இடம் பெற்றது. சக்கைக் குவியலில் நாள்கூலிக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் இதை யார் சொன்னார்கள்? அவன் இருமினால் "பீடியைக் குறை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

பிரேசில் கண்ட அனுபவம்

உயிரிப் பொருளாதாரத்துக்கு வழிகாட்டி என்று எல்லாரும் பிரேசிலைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் முழுக் கதையையும் சொல்லட்டும்.

1973-ல் எண்ணெய் விலை எகிறியது. பிரேசிலை ஆண்ட ராணுவ ஆட்சி 1975 நவம்பரில் எரிசாராயத் திட்டத்தை அறிவித்தது. கரும்பு வயல்கள் அடிவானம்வரை விரிந்தன. சாராயத்தில் ஓடும் கார்கள் வந்தன. உலகமே வியந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? நிலமிழந்து நகர ஓரங்களில் குடியேறி, விடியுமுன் லாரியில் ஏறி, ஆறிய சோற்றைத் தூக்கிக்கொண்டு போன நாள்கூலிகள்.

வெட்டாள் ஒருவன் ஐந்து வரிசைக் கரும்பை வெட்டி நடு வரிசையில் அடுக்குவது வழக்கம். ஆலைகள் அதை ஏழு வரிசையாக்கின. இரண்டு வரிசைதானே கூடியது என்று தோன்றும். ஓரத்து வரிசைக் கரும்பை நடுவரைக்கும் சுமந்து நடக்கும் தூரம் கூடியது. சம்பளமோ வெட்டிய அளவுக்குத்தான். ஆகவே கால் ஓய்ந்தது, கூலி குறைந்தது. 1984 மே மாதம் சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாரிபா என்ற சிற்றூரில் வெட்டாட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். தண்ணீர்க் கட்டண உயர்வும் சேர்ந்து ஊரே கொதித்தது. போலீஸ் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஓர் உயிர் போயிற்று. ஆனால் வேலைநிறுத்தம் வென்றது. ஐந்து வரிசை முறை திரும்பியது. எழுத்தில் ஒப்பந்தம் பிறந்தது. அக்கம் பக்கத்துக் கரும்பு ஊர்களும் அதே பாதையில் எழுந்தன.

பின்னர் என்ன நடந்தது? வெட்டுமுன் சோகையைக் கொளுத்துவதால் காற்று கெடுகிறது என்று 2002-ல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. நல்ல சட்டந்தான். கொளுத்தாத கரும்பை வெட்ட யந்திரம் வந்தது. ஒரு யந்திரம் எத்தனையோ பேர் வேலையைத் தின்றது. காற்று சுத்தமாயிற்று, வெட்டாள் வீட்டில் அடுப்பு அணைந்தது. யந்திரம் வருமுன்னே அவனுக்கு மாற்று வேலையும் பயிற்சியும் வைத்திருந்தால் இரண்டும் கூடியிருக்கும். நமது ஊரிலும் அறுவடை யந்திரம் வயலில் இறங்கிவிட்டது. நாம் குவாரிபாவிலிருந்து கற்க வேண்டியது இரண்டு பாடம்: சங்கம் இருந்தால் வெல்லலாம், முன்யோசனை இல்லாவிட்டால் வென்றதும் நிற்காது.

இன்னொரு மாநிலத்தின் கண்ணீர்

பிரேசில் தூரம் என்பவர்கள் மகாராஷ்டிரத்தைப் பார்க்கட்டும். பீட் மாவட்டத்திலிருந்து பருவந்தோறும் குடும்பம் குடும்பமாய்க் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அரிவாள் என்று கணக்கு. முன்பணம் வாங்கியாயிற்று, ஒரு நாள் வயலுக்கு வராவிட்டால் பிடித்தம். மாதவிலக்கு வந்தாலும் ஓய்வில்லை, கழிப்பிடமில்லை. இந்தக் கொடுமையில் பெண்கள் கருப்பையையே அகற்றிக்கொள்கிறார்கள் என்ற செய்தி 2019-ல் நாட்டை உலுக்கியது. மாநில சர்க்காரே விசாரணைக் கமிட்டி அமைக்க நேர்ந்தது.

பெட்ரோலில் 20 பங்கு சாராயம் கலந்தோம் என்று மார் தட்டுகிறவர்களே, அந்த 20 பங்குக்குள் எத்தனை தாய்மாரின் ரத்தம் கலந்திருக்கிறது என்று கணக்கெடுத்தீர்களா? "பசுமை எரிபொருள்" என்கிறீர்கள். வயல் பசுமைதான். அதை வெட்டியவள் முகத்தில் பசுமை உண்டா?

வயிறா, வண்டியா?

இன்னொரு விஷயம். கரும்பு போதாதென்று தானியத்தையும் காய்ச்சத் தொடங்கினார்கள். மக்காச்சோளமும் அரிசியும் சாராய ஆலைக்குப் போகின்றன. 2023-24-லேயே தானியச் சாராயம் கரும்புச் சாராயத்தை மிஞ்சிவிட்டது. உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியை கிலோ 22 ரூபாய் 50 காசுக்குச் சாராய ஆலைகளுக்கு ஒதுக்கவும் 2025-ல் முடிவு செய்தார்கள். மக்காச்சோளத்துக்கு விலை கிடைப்பது விவசாயிக்கு நல்லதே. அதே சோளத்தை நம்பியிருக்கும் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் தீவன விலை ஏறியதென்று அலறினாரே, அது தொழிலாளி வீட்டு முட்டை விலையில் வந்து விடியாதா? 2023 டிசம்பரில் சர்க்கரை விலைக்குப் பயந்து கரும்புச் சாற்றுச் சாராயத்தை டில்லி திடீரென்று தடுத்தது. 2024 ஆகஸ்டில் தடையை எடுத்தது. இன்று திற, நாளை மூடு என்பது திட்டமாகாது. முதலில் வயிறு, பிறகு வண்டி என்ற நெறி இருந்தால் இந்தத் தடுமாற்றம் ஏன் வரும்?

அதனால்தான் கழிவிலிருந்து எடுக்கும் வழியை நாம் வரவேற்கிறோம். அரியானாவில் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த பொதுத்துறை ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுக்கும் திட்டத்தோடு அமைந்தது. வயலில் கொளுத்திப் புகையாக்கியது எரிபொருளாகிறது என்றால் நல்லதே. உத்தரப் பிரதேசத்தில் கரும்புச் சர்க்கரையிலிருந்து மக்கிப்போகும் பிளாஸ்டிக் செய்ய 2025-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இத்தகைய தொழில்கள் தமிழ்நாட்டுக்கும் வரட்டும். வரும்போதே வைக்கோலுக்கு விலை என்ன, தொழிலாளிக்கு நிலை என்ன என்று எழுதிக்கொண்டு வரட்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எரிசாராயம், மின்சாரம், காகிதம் ஆகிய கரும்பின் எல்லா வருவாயிலும் விவசாயிக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். பறித்த 5-ஏ பிரிவைப் புதிய வடிவில் திருப்பித் தர வேண்டும்.

இரண்டு: வெட்டாளுக்கு மாநிலமெங்கும் ஒரே வெட்டுக்கூலி, விபத்து இன்ஷூரன்ஸ், தங்குமிடம், பெண்களுக்குத் தனி வசதி வேண்டும். முன்பணக் கொத்தடிமை ஒழிய வேண்டும். வெட்டு யந்திரம் வரும் ஊரில் வெட்டாளுக்கே யந்திரப் பயிற்சியும் முதல் உரிமையும் வேண்டும்.

மூன்று: சாராய ஆலை, மின்நிலையம், சக்கைக் கிடங்கு ஆகியவற்றில் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளி கூடாது. 20 பேர் இருந்தாலே பாய்ந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை 50 பேர் என்று தளர்த்திய புதிய தொழிலாளர் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. 49 பேரோடு கணக்கை நிறுத்த ஒப்பந்தக்காரருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அந்தத் தளர்வு போக வேண்டும்.

நான்கு: புதிய ஆலைகளுக்கு வட்டிச் சலுகை தருவதில் கூட்டுறவு ஆலைகள் முதலில் நிற்க வேண்டும். அமராவதியில் விவசாயிகள் பங்குப்பணம் போட்டுக் கூட்டுறவு ஆலை கண்ட நாடு இது. அலங்காநல்லூர் ஆலையில் அரவை நின்றபோது, அதைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் தெருவுக்கு வந்த நாடும் இதுவே.

தோழர்களே! இவை காகிதத்தில் இருந்தால் போதாது. ஆலைத் தொழிலாளி சங்கம் ஒரு பக்கம், கரும்பு விவசாயி சங்கம் ஒரு பக்கம், வெட்டாள் எந்தச் சங்கமும் இல்லாமல் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்வரை ஆலைக்காரருக்குக் கவலை இல்லை. விவசாயியிடம் "தொழிலாளிக்குக் கூலி ஏற்றினேன், உனக்குத் தர இல்லை" என்பார். தொழிலாளியிடம் "விவசாயிக்கு விலை ஏற்றினேன், போனஸ் இல்லை" என்பார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்குப் புத்தகத்தைக் கேட்கும் நாளில்தான் அந்தப் பேச்சு நிற்கும். அடுத்த அரவைப் பருவத்துக்கு முன், கரும்பு ஆலை உள்ள ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று தரப்பும் கூடிய ஒரு கூட்டுக் கமிட்டி அமைய வேண்டும். எடைமேடையில் ஆள் நிறுத்துங்கள். பிழிதிறன் கணக்கைக் கேளுங்கள். சாராயம் எத்தனை லிட்டர், மின்சாரம் எத்தனை யூனிட் என்று எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு தெரிந்த ஊரை ஏமாற்றுவது கடினம்.

ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய காட்டுப்புல் கோவையில் கரும்போடு சேர்ந்து நாட்டையே இனிக்கச் செய்தது. வீண் என்று எறிந்த சக்கை காகிதமாகி நம் பிள்ளைகள் கையில் புத்தகமாயிற்று. ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்ட உழைப்பாளியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆவான் என்பதை ஆலைக்காரர்கள் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.